பன்றி, விலை, அரசு: ஒரு விகிதத்தை வாசித்தல்

1

ஆறுக்கு ஒன்று. 2009 ஜனவரியில் சீன அரசு வெளியிட்ட ஒரு திட்ட ஆவணத்தின் மையத்தில் உட்கார்ந்திருக்கும் விகிதம் இது. உயிரோடிருக்கும் பன்றியின் கிலோ விலையை மக்காச்சோளத்தின் கிலோ விலையால் வகுத்தால் ஆறு வரவேண்டும். வந்தால் வளர்ப்பவருக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை என்று கணக்கு. ஆறிலிருந்து ஒன்பதுவரை பச்சை மண்டலம். ஆறுக்குக் கீழே இறங்கினால் நீலம், ஐந்தரைக்குக் கீழே மஞ்சள், ஐந்துக்குக் கீழே சிவப்பு. நிறம் மாற மாற அரசின் கை நீளும். எச்சரிக்கை விடும், கறியை வாங்கிக் குளிர்கிடங்கில் அடைக்கும், மானியம் தரும். ஆவணத்தின் பெயர் 'பன்றி விலையின் மிதமிஞ்சிய வீழ்ச்சியைத் தடுக்கும் தற்காலிகத் திட்டம்' என்பதாக இருக்கிறது. 2012, 2015, 2021 என்று மூன்று தடவை திருத்தப்பட்டும் அதன் இலக்கணம் மாறவில்லை. பன்றிக்குக் கீழே மக்காச்சோளம், நடுவில் ஒரு கோடு.

இதைப் பொருளாதாரச் சூத்திரமாக எடுத்துக்கொண்டு சரியா தப்பா என்று பார்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இதை ஒரு பிரதியாக வாசிக்க விரும்புகிறேன். ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறதோ அதன் மேல்தான் தன் உலகத்தைக் கட்டி எழுப்புகிறது என்பதைக் கவிதைக்கும் நாவலுக்கும் வைத்துப் பேசிப் பழகியிருக்கிறோம். விலை பற்றிய ஓர் அரசாணைக்கு மட்டும் அந்த வாசிப்பு ஏன் கூடாது? நாவலின் மௌனத்தால் விமர்சகனுக்கு வேலை கிடைக்கிறது. அரசாணையின் மௌனத்தால் ஆள் பிழைப்பை இழக்கிறான்.

வேறொரு காரணமும் உண்டு. டங்கல் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற காலத்திலிருந்து நம் விவாதங்கள் ஒரே எதிர்வில் மாட்டிக்கொண்டிருக்கின்றன: அரசுக் கட்டுப்பாடா, சந்தையா? சந்தை கெட்டது என்றால் அரசு வரவேண்டும். அரசு கெட்டது என்றால் சந்தை வரவேண்டும். உலகத்துப் பன்றிகளில் ஏறக்குறையப் பாதியை வளர்த்துத் தின்கிற சீனாவில் அரசு பன்றிச் சந்தையின் எல்லா மூலையிலும் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பன்றி முதலாளிகளும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்த இரண்டும் எப்படி ஒரே கொட்டிலில் வளர்ந்தன என்பதுதான் என் கேள்வி.

2

அரசுகளுக்குப் பன்றியின் மேல் உள்ள கவலை சீனாவில் தொடங்கியதல்ல. மாடு ஏர் இழுக்கும், பால் தரும். ஆடு மனிதன் தின்ன முடியாத தழையைத் தின்னும். பன்றி உழாது, பால் கறக்காது. மனிதன் தின்பதையெல்லாம் அதுவும் தின்னும். ஆகவே தானியம் முடைப்படும்போதெல்லாம் அது மனிதனுக்குப் போட்டியாளனாகக் கணக்கில் ஏற்றப்படுகிறது. 1915-ல் ஜெர்மனியில் யுத்தகால உணவுக் கணக்குப் போட்ட பேராசிரியர்கள் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அரசு உத்தரவில் ஐம்பது லட்சம் அளவுக்குப் பன்றிகள் வெட்டப்பட்டன. 'பன்றிக்கொலை' என்ற பெயரிலேயே அது வரலாற்றில் நிற்கிறது. முதலில் சந்தையில் கறி குவிந்தது, பிறகு கொழுப்புக்கும் கறிக்கும் பஞ்சம் வந்தது. 1933-ல் அமெரிக்காவில் நேர்மாறான கணக்கு. அங்கே விலை விழுந்துவிட்டது, தூக்கி நிறுத்த வேண்டும். ஹென்றி வாலஸ் விவசாய மந்திரி. சுமார் 60 லட்சம் குட்டிகளை அரசு விலை கொடுத்து வாங்கிக் கொன்றது. கொஞ்சம் கறி நிவாரணத்துக்குப் போனது; பெரும்பகுதி கொழுப்பாகவும் உரமாகவும் போனது. ஊரெல்லாம் பசி, அரசு குட்டியைக் கொல்கிறது என்று ஜனங்கள் கொதித்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில், 1928-ல், ஆர்தர் ஹனாவ் என்ற ஜெர்மன் பொருளியலாளர் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார். அதன் பெயர் பன்றிச் சுழற்சி. விலை ஏறினால் எல்லோரும் தாய்ப்பன்றி வாங்குகிறார்கள். சினை நாலு மாசம், குட்டி கொழுக்க ஆறு மாசம். எல்லார் பன்றியும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலை சரிகிறது. பயந்து தாயையும் வெட்டுகிறார்கள். அடுத்த வருஷம் பன்றி இல்லை, விலை மறுபடி ஏறுகிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பின்னால் அரசுகளின் கைக்குப் போனபோது இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். கிட்டப்பார்வை உள்ளவன், நேற்றைய விலையை நம்பி நாளைக்குத் திட்டம் போடுகிறவன், சின்னப் பன்றிக்காரன். குற்றவாளி கிடைத்தபின் சிகிச்சை சுலபம்.

3

சீன எழுத்தில் வீடு என்பதற்கான குறியைப் பிரித்தால் மேலே கூரை, கீழே பன்றி. பன்றி அங்கே சந்தைப்பொருளாவதற்கு மிக முந்தி வீட்டின் உறுப்பாக இருந்தது. தவிடு, சர்க்கரைவள்ளிக் கொடி, குளத்துப் பச்சை, அடுப்படிக் கழுநீர் இதெல்லாம் அதன் தீனி. அது திருப்பித் தந்தது சாணம். பிறகு வருஷக் கடைசியில் கறி. மாவோ 1959-ல் எழுதிய ஒரு கடிதத்தில் ஆளுக்கொரு பன்றி என்ற இலக்கைச் சொன்னார். அவருக்குப் பன்றி ஒரு சின்ன உரத் தொழிற்சாலை. பயிருக்குத் தழைச்சத்து தருகிற நாலுகால் யந்திரம். ஒவ்வொரு வீட்டின் பின்கட்டிலும் அது இருந்தாக வேண்டும். அரசு அப்போதும் விலையைக் கட்டுப்படுத்தியது. 1950களின் நடுவிலிருந்து வீட்டுக்கு இத்தனை பன்றி என்று ஒதுக்கி, அரசு சொன்ன விலைக்கு வாங்கியது. நகரத்தில் கறிக்குச் சீட்டு. கிராமத்தின் கறி நகரத்துக்கு மலிவாகப் போயிற்று, கொள்ளைதான். ஆனாலும் அந்தக் கணக்கில் வீட்டுப் பன்றிக்காரன் ஓர் ஆளாக இருந்தான். அவனில்லாமல் அரசுக்குக் கறியில்லை.

1985-ல் கட்டாயக் கொள்முதல் கைவிடப்பட்டு விலை திறந்துவிடப்பட்டது. இரண்டே வருஷத்தில், 1987 டிசம்பரில், பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் பன்றிக்கறிச் சீட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன்பிறகு அரசு பின்வாங்கிவிட்டதாகச் சொல்வது சந்தைக் கதையாடல். உண்மையில் அது இடம் மாறி நின்றது. விலையை விட்டுவிட்டு வெட்டும் இடத்தைப் பிடித்தது. 1998 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பன்றி வெட்டு நிர்வாக விதிகளின்படி, அரசு குறித்த இறைச்சிக்கூடத்தில்தான் பன்றியை அறுக்கலாம், அங்கேதான் பரிசோதனை. விவசாயி தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அறுத்துக்கொள்ள விலக்கு உண்டு.

இந்த விலக்கை நிதானமாக வாசிக்க வேண்டும். உன் வயிற்றுக்கு நீ அறுக்கலாம்; ஊர் வயிற்றுக்கு அறுக்கக்கூடாது. சுகாதாரம் என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. நாடாப்புழுவும் நச்சுக்கறியும் கற்பனையில்லை. ஆனால் அந்த விதியோடு வீட்டுப் பன்றி இரண்டாக உடைகிறது. தின்கிற பன்றி, விற்கிற பன்றி. விற்கிற பன்றி இனிமேல் லாரி ஏறிப்போக வேண்டும், முத்திரை வாங்க வேண்டும், தரகனைப் பார்க்க வேண்டும். ஒரு பன்றி வைத்திருப்பவனுக்கு அந்தச் செலவு கட்டாது. ஆயிரம் வைத்திருப்பவனுக்குத் தூசு. அவனை விரட்ட ஒருவரும் சட்டம் போடவில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். ஒரே சட்டம் எல்லார் முதுகிலும் ஒரே கனத்தோடு இறங்குவதில்லை.

இப்போது மறுபடி அந்த விகிதத்துக்கு வருவோம். வீட்டுப் பன்றி மக்காச்சோளத்தைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிற பன்றியில்லை. கழுநீரும் தவிடும் தின்கிற பன்றிக்கு ஆறுக்கு ஒன்று என்பது அர்த்தமே இல்லாத வாக்கியம். மக்காச்சோளத்தைக் கோட்டின் கீழே எழுதிய கணத்திலேயே, வாங்கிய தீவனத்தில் வளர்வது மட்டுமே பன்றி என்று அரசு முடிவு செய்துவிட்டது. விகிதம் ஓர் அளவுகோல் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. நடைமுறையில் அது ஒரு வரையறையாக இருக்கிறது. லாபநட்டமில்லாப் புள்ளி 2009-ல் ஆறுக்கு ஒன்று. 2021 திருத்தத்தில் ஏழுக்கு ஒன்று. சின்னவன் போய்ப் பெரியவன் வந்தால் விலை நிலைக்கும், செலவு குறையும் என்றார்கள். இத்தனை பெரிய பண்ணைகள் வந்தபின் புள்ளி ஏன் ஏறுகிறது?

4

சீன அதிகாரமொழியில் இவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: 'சன்ஹூ'. சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் என்று அர்த்தம். பங்குச் சந்தையில் கொஞ்சம் காசு போட்டு விளையாடும் உதிரிகளுக்கும் இதே சொல்தான். யாரிடமிருந்து சிதறினார்கள்? ஊரில் தலைமுறையாக ஒட்டிக்கொண்டு கிடந்தவர்கள் அவர்கள். மையத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் விளிம்பெல்லாம் சிதறலாகத் தெரியும். சிதறியதைக் கூட்டிப் பெருக்குவது நிர்வாகத்தின் இயல்பான அடுத்த வினைச்சொல்.

2006-ல் நீலக்காது நோய் பரவி 2007-ல் விலை எகிறியது. அப்போதுதான் தாய்ப்பன்றிக்கு மானியம், காப்பீடு, பன்றி அனுப்புகிற மாவட்டங்களுக்குப் பரிசு என்று புதிய கட்டமைப்பு வந்தது. ஊக்கத்தின் பெரும்பகுதி 'அளவில் பெரிய' பண்ணைகளைப் பார்த்தே ஓடிற்று. வருஷத்துக்கு 500 பன்றிக்கு மேல் விற்பவனே அந்த மொழியில் பெரியவன். பிறகு சூழல் வந்தது. 2013 மார்ச்சில் ஷாங்காய்க்குக் குடிநீர் தரும் ஹுவாங்பு ஆற்றில் பத்தாயிரத்துக்கும் மேலே பன்றிப் பிணங்கள் மிதந்தன. பெரும்பாலும் மேலேயுள்ள ஜியாசிங் பகுதியிலிருந்து வந்தவை. செத்த பன்றியை வாங்கிக் கறியாக்கி விற்ற கும்பலுக்கு அதற்குச் சில மாதம் முன்புதான் கடும் தண்டனை கிடைத்திருந்தது; மூன்று பேருக்கு ஆயுள். கள்ளச்சந்தையை மூடினார்கள், நல்லது. செத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு வழி சரியாகச் செய்யவில்லை. முன்பு கள்ளத்தனமாக ஜனங்களின் தட்டுக்குப் போனது அப்புறம் ஆற்றுக்குப் போயிற்று என்று அப்போதே பேசப்பட்டது. ஓர் ஒழுங்குமுறை விட்ட இடைவெளி தண்ணீரில் மிதந்து வந்த காட்சி அது. அதற்குக் கிடைத்த பதில் கொட்டில்களை இடிப்பது. 2014-ல் வந்த மாசு விதிகளும் அதைத் தொடர்ந்த 'வளர்க்கத் தடைசெய்த பகுதி'களும் தெற்கின் ஆற்றோரப் பன்றிக்காரர்களைத் துடைத்தன. பன்றி வடக்கே போகட்டும், கறி தெற்கே வரட்டும் என்பது கொள்கை.

2018 ஆகஸ்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வடகிழக்கில் ஷென்யாங்கில் தென்பட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்த பன்றிகளோடு நடுச்சீனத்து ஜெங்ஜோவின் ஒரு பெரிய இறைச்சிக்கூடத்தில் அது இறங்கியது. வளரும் இடத்தையும் தின்னும் இடத்தையும் பிரித்து வைத்த கொள்கையின் சாலை வழியாகவே நோயும் பயணம் செய்தது. காரணங்களைத் தேடியபோது கழுநீர்த் தீனி, லாரிகள், ஆட்கள், தொலைதூர ஏற்றுமதி எல்லாமே வந்தன. கழுநீரின் மேல் தடை விழுந்தது. கழுநீரில் வைரஸ் பரவும் என்பது மருத்துவ உண்மை. ஆனால் கழுநீர் ஏழையின் தீவனம். லாரி பெரியவனின் வண்டி. லாரியைக் கழுவச் சொன்னார்கள், கழுநீரை நிறுத்தச் சொன்னார்கள். நோய்பட்ட இடத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் இருந்ததையெல்லாம் கொன்றார்கள். தலைக்கு 1,200 யுவான் நஷ்டஈடு அறிவிக்கப்பட்டது.

2018-ல் 5 கோடியே 40 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2019-ல் 4 கோடியே 26 லட்சம் டன் சுமாருக்கு விழுந்தது. 2019 நவம்பரில் பன்றிக்கறி விலை முந்தைய வருஷத்தைவிட 110.2 சதவீதம் அதிகம். அந்த மாதத்தின் 4.5 சதவீத விலைவாசி உயர்வில் பாதிக்கு மேல் பன்றி ஒன்றினால் மட்டும் ஏற்பட்டது. நானிங் நகரில் சில கடைகளில் குறைந்த விலைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்று அளந்து கொடுத்தார்கள். மக்கள் குடியரசின் எழுபதாவது ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. செப்டம்பர் 19 அன்று அரசு தன் குளிர்கிடங்கைத் திறந்து 10,000 டன் உறைந்த கறியை ஏலத்துக்கு விட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018 உற்பத்தியை 365 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஒன்றரை லட்சம் டன் வருகிறது. பத்தாயிரம் டன் இரண்டு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. ஆக அந்தக் கையிருப்பு தேசத்தின் வயிற்றுக்கானது இல்லை. அரசு இருக்கிறது என்று காட்டுவதற்கான ஒரு குறி. செய்தித்தாளில் படம் வரும், விலைப் பேச்சு ஒரு நாளைக்கு அடங்கும்.

அதே மாதத்தில் இன்னொரு தலைகீழ் மாற்றம் நடந்தது. ஐந்து வருஷமாக இடித்துத் தள்ளிய அதே அதிகாரம், 'மிகைப்பட்ட' தடைப்பகுதிகளையெல்லாம் நீக்கு, பன்றியை வளர் என்று மாகாணங்களுக்கு உத்தரவு போட்டது. மாகாணத் தலைவர்களே பொறுப்பு. போனவன் திரும்பி வருவானா? அவன் கொட்டில் மண்மேடாகிவிட்டது, கையில் முதல் இல்லை, அடுத்த காய்ச்சலுக்கு அவனிடம் கிருமித் தடுப்புச் சுவரும் இல்லை. வந்தவர்கள் வேறு ஆட்கள். 2018-ல் ஏறத்தாழப் பாதிப் பன்றி 500க்கு மேல் விற்கும் பண்ணைகளிலிருந்து வந்தது. 2023-ல் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே. ஹுபேயில் எஜோ நகரத்து ஓரத்தில் 26 மாடிப் பன்றிக் கட்டிடம் நிற்கிறது. வருஷத்துக்கு ஆறு லட்சம் பன்றி ஒரே கட்டிடத்தில். தீவனம் குழாயில் வருகிறது, காமிரா பார்த்துக்கொள்கிறது. வீட்டுக் கூரைக்குக் கீழே இருந்த பன்றிக்கு இப்போது இருபத்தாறு கூரை.

5

விகிதத்தில் இல்லாத இன்னொரு சொல் சோயா. பன்றித் தீவனத்தில் மக்காச்சோளம் மாவுச்சத்து, சோயாப் புண்ணாக்கு புரதம். மக்காச்சோளத்தை அரசு காவல் வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 72 லட்சம் டன்வரைதான் குறைந்த வரியில் உள்ளே வரலாம், மேலே போனால் வரி மலைபோல் ஏறும். சோயாவுக்கு வழக்கமான வரி 3 சதவீதம்தான், கதவு அகலத் திறந்தே கிடக்கிறது. 2020-ல் பத்துக் கோடி டன்னுக்கு மேலே இறக்குமதி, அதில் பாதிக்கு மேல் பிரேசிலிலிருந்து. கறியில் 95 சதவீதத் தன்னிறைவு என்று அரசு இலக்கு வைக்கிறது. அந்தத் தன்னிறைவுப் பன்றி பிரேசிலின் செர்ராடோ சமவெளியை அரைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. சுயசார்பு என்ற சொல் எவ்வளவு தூரத்து நிலத்தின் மேல் கால் வைத்து நிற்கிறது என்பதை விகிதம் காட்டாது. கோட்டின் கீழே உள்ளூர் தானியத்தை மட்டும் எழுதியிருக்கிறார்களே!

கறியின் சர்வதேச வியாபாரத்தில் அரசுகள் போடும் ஆட்டம் இன்னும் வெளிப்படையானது. 2013-ல் ஒரு சீனக் கம்பெனி அமெரிக்காவின் மிகப்பெரிய பன்றிக் கம்பெனியான ஸ்மித்ஃபீல்டைக் கடனோடு சேர்த்து 710 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் 400 கோடியைக் கடனாகத் தந்தது சீன அரசு வங்கி. அமெரிக்க செனட்டில் விசாரணை வைத்தார்கள். நம் உணவு அந்நியன் கைக்குப் போகலாமா என்று கேட்டார்கள். தேசப் பாதுகாப்புக் குழு பார்த்துவிட்டுச் சரியென்றது. பிறகு 2018-ல் வரி யுத்தம். 12 சதவீதமாக இருந்த சீன வரி அமெரிக்கக் கறிக்கு 62 ஆயிற்று, 2019 செப்டம்பரில் 72 ஆயிற்று. தன் ஊரில் கறி விலை இரட்டிப்பாகிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இந்த ஏற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். வரி வெள்ளை மாளிகைக்கு எழுதிய கடிதம். தபால் செலவு நானிங்கில் வரிசையில் நின்றவள் தலையில்.

2020 ஏப்ரலுக்கு வருவோம். தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் நகரத்து ஸ்மித்ஃபீல்டு ஆலை. சுமார் 3,700 தொழிலாளர்கள். பல நாடுகளிலிருந்து வந்த அகதிகளும் குடியேறிகளும். தோளோடு தோள் இடித்துக்கொண்டு வெட்டும் வரிசை. கொரோனா புகுந்தது, ஆலை மூடப்பட்டது. நாட்டுக்குக் கறி இல்லாமல் போகும் என்று கம்பெனித் தலைமை எச்சரித்தது. ஏப்ரல் 28 அன்று ஜனாதிபதி டிரம்ப், யுத்தகால உற்பத்திச் சட்டத்தைக் காட்டி, இறைச்சி ஆலைகள் நடந்தாக வேண்டியவை என்று ஆணையிட்டார். அந்த மாதம்தான் சீனாவுக்குப் போன அமெரிக்கப் பன்றிக்கறி அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது. அந்த ஆலையில் குறைந்தது 1,294 பேருக்குத் தொற்று, நாலு பேர் சாவு. தொழிலிடப் பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 13,494 டாலர். தொற்றியவர் தலைக்குப் பத்து டாலர் சொச்சம். ஷென்யாங்கில் கொன்ற பன்றிக்கு இதைவிடப் பல மடங்கு கொடுத்தார்கள் என்று எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. இரண்டு பெரிய அரசுகள் எதிரெதிரே நின்று வரி வீசிக்கொண்டதாக ஒரு காட்சி. அந்த வெட்டு வரிசையில் பார்த்தால் இரண்டு அரசுகளும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

ஐரோப்பாக் கதை இதற்கு வால். சீன மின்சாரக் கார்களுக்கு ஐரோப்பா வரி போடப்போகிறது என்றதும், 2024 ஜூனில் சீனா ஐரோப்பியப் பன்றிக்கறி அடிமாட்டு விலைக்குக் கொட்டப்படுகிறதா என்று விசாரிக்கத் தொடங்கியது. காது, கால், குடல் இவற்றை ஸ்பெயின்காரனும் டென்மார்க்காரனும் அதிகம் தின்பதில்லை, வாங்குவதற்குச் சீனாதான். 2025 செப்டம்பரில் 15.6 முதல் 62.4 சதவீதம்வரை தற்காலிக வரி, டிசம்பரில் இறுதி வரி 4.9 முதல் 19.8 வரை. காருக்குக் காது பணயம். பன்றிக்கறிச் சந்தையை நெறிப்படுத்துதல் என்ற சொல்லுக்குள்ளே பன்றிக்குச் சம்பந்தமில்லாத எத்தனையோ விஷயம் கிடக்கிறது.

6

சரி, இத்தனையும் செய்து சுழற்சி நின்றதா? கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஏனென்றால் 'சிதறியவர்கள்' மேல் வைத்த குற்றச்சாட்டே அதுதான். அவர்களின் கிட்டப்பார்வைதான் விலையை ஆட்டுகிறது, பெரிய பண்ணை வந்தால் நிலைக்கும். 2021 ஜனவரியில் உயிர்ப்பன்றி கிலோ 36 யுவானை ஒட்டி இருந்தது. அதே மாதம் 8ஆம் தேதி டாலியன் சந்தையில் பன்றிக்கு முன்பேர வணிகம் தொடங்கியது. விலை ஆபத்தைக் கையாளும் நவீன கருவி என்றார்கள். அக்டோபரில் விலை 11 யுவானுக்கும் கீழே. வங்கிக் கடனில் கட்டிடம் கட்டியவன் விலை விழுந்தால் பன்றியை விற்றுவிட்டு வயல் வேலைக்குப் போக முடியாது. வட்டி ஓடுகிறது, நட்டத்திலும் வளர்த்தே ஆக வேண்டும். வீட்டுக்காரன் இரண்டு பன்றியை நிறுத்தினால் சந்தை மூச்சு விட்டது. பெரியவன் நிறுத்தமாட்டான், பக்கத்துப் பெரியவன் முதலில் சாகட்டும் என்று காத்திருப்பான். நாடு முழுமைக்கும் தாய்ப்பன்றி எண்ணிக்கை 4 கோடியே 10 லட்சம் இருக்க வேண்டும் என்று 2021-ல் அரசு வகுத்தது, 2024 மார்ச்சில் அதை 3 கோடியே 90 லட்சமாகக் குறைத்தது. 2025-ல் பெரிய கம்பெனிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தாய்களைக் குறையுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஒரே கம்பெனி வருஷத்துக்கு ஆறு கோடிக்கு மேல் பன்றி விற்கும் இடத்தில் சிதறியவனைக் குறை சொல்ல முடியாது. அவன் கிட்டத்தட்டப் போய்விட்டான். சுழற்சி மட்டும் இருக்கிறது.

இதை வைத்து, ஆகவே அரசு தலையிடவே கூடாது என்று தாராளவாதி வந்து சொல்வான். அவனுக்குச் சொல்லலாம்: 1985-ல் திறந்துவிட்டு, 1987-ல் சீட்டுக்குத் திரும்பியதைப் பார். விலையை வெறுமனே விட்டால் முதலில் பட்டினி கிடப்பது கூலிக்காரன். இடதுசாரி நண்பர் வந்து, அரசு இன்னும் பலமாகத் தலையிட வேண்டும் என்பார். அவரிடம் எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. பலம் இருக்கட்டும், தோழர். விகிதத்தை யார் எழுதுகிறார்கள்? கோட்டுக்கு மேலே என்ன, கீழே என்ன? வளர்ப்பவரின் உழைப்பு நாள் எத்தனை கிலோ கறிக்குச் சமம் என்று கேட்கிற விகிதம் ஏன் எந்த அரசின் ஆவணத்திலும் இல்லை? வெட்டும் வரிசையில் நிற்பவரின் கூலிக்கும் கறி விலைக்கும் ஒரு விகிதம் வைத்து, அது ஐந்துக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரியச் செய்ய என்ன தடை? தொழில்நுட்பத் தடை ஒன்றுமில்லை. அந்த விளக்கு எரிந்தால் யாரை எழுப்ப வேண்டியிருக்கும் என்பதுதான் தடை.

7

நம் பக்கங்களில் பன்றி வந்தபோதெல்லாம் தின்பவர், தின்னாதவர் என்ற கேள்வியாகத்தான் வந்திருக்கிறது. சாதி அந்தத் தட்டில் இருப்பதால் அந்தக் கேள்வி அவசியமானது, முடிந்துபோகவுமில்லை. பன்றிக்கறி என்று எழுதுகிறோம், பன்னிக்கறி என்று தின்கிறோம். அந்த எழுத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சமூக வரலாறு கிடக்கிறது. ஆனால் அதனோடு சேர்த்து விலையின் கேள்வியையும் எடுக்காவிட்டால் நாளைக்கு நமக்குச் சொல் இருக்காது. அதே காய்ச்சல் 2020-ல் அஸ்ஸாமுக்கும் அருணாசலத்துக்கும் வந்தது. வடகிழக்கில் பன்றி பழங்குடி வீடுகளின் சேமிப்பு. பள்ளிக் கட்டணமும் கல்யாணச் செலவும் அந்தப் பட்டியிலிருந்துதான் வரும். 2022-ல் அது கேரளத்து வயநாட்டையும் தொட்டது. அதே 2022 ஜனவரியில், அமெரிக்கப் பன்றிக்கறியை இந்தியாவுக்குள் விட நம் அரசு ஒப்புக்கொண்டதாக அமெரிக்க வர்த்தகத் துறையார் அறிவித்தார்கள். நோய் ஒரு பக்கம் கொட்டிலைக் காலி செய்கிறது. ஒப்பந்தம் இன்னொரு பக்கம் கதவைத் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 'விஞ்ஞானப் பண்ணை', 'உயிர்ப் பாதுகாப்பு', 'அளவில் பெரிய உற்பத்தி' என்ற சொற்கள் கிளம்பி வரும். சீனாவில் அவை எந்த வரிசையில் வந்தன, எந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் காணாமல் போனார்கள் என்பதை மேலே சொன்னேன்.

அந்தச் சொற்கள் இங்கே வரும்போது எதிர்ப்பவர்கள் விலை கேட்டால் போதாது. எதை எதனால் வகுத்து அந்த விலை வருகிறது என்று கேட்க வேண்டும். கழுநீர் தின்கிற பன்றியும், அதை வளர்க்கிற அம்மாவும் உள்ளே வருகிற மாதிரி ஒரு விகிதத்தை, அதிகாரி எழுதுவதற்கு முன்னால் நாம் எழுதிப் பார்க்க வேண்டும். கணக்கில் நம் ஆட்கள் சோம்பேறிகள், கவிதையோடு நின்றுவிடுகிறோம். எதிராளி கணக்கில்தான் கவிதை எழுதுகிறான்.